நீரில் நனைந்த பருத்தி: எடோ நகரத் தீயணைப்பாளரின் அங்கி

ஜொகூர் பாருவின் சாலைகளில் சிவப்பு வண்டி ஒலியெழுப்பி விரைந்தால் ‘பொம்பா’ வருகிறது என்று வழிவிடுகிறோம். நீரிறைக்கும் பொறியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் அது. கருவியின் பெயரே மலாயில் துறையின் பெயராயிற்று. ஜப்பானியரோ ‘ஹிகேஷி’ என்றனர். ‘ஹி’ என்பது தீ; ‘கேஷி’ என்பது அணைத்தல். நம் ‘தீயணைப்பு’ என்னும் தொடரோடு அப்படியே பொருந்தும் சொல். ஆயினும் எடோவின், அதாவது இன்றைய தோக்கியோவின், ஹிகேஷிகள் நீரை அதிகம் நம்பியவர்கள் அல்லர். காற்று செல்லும் திசையிலுள்ள வீடுகளைக் கொக்கிகளால் இடித்துத் தள்ளித் தீக்கு இரையில்லாமல் செய்வதே அவர்களின் முறை. அனலுக்கு மிக அருகில் நின்று செய்ய வேண்டிய பணியாதலால், உடையே அவர்களுக்குக் கவசமாயிற்று.

1657ஆம் ஆண்டின் மெய்ரெகி பெருந்தீ எடோவின் பெரும்பகுதியை அழித்தது. மாண்டோர் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. மறு ஆண்டே ஆட்சியாளர் சாமுராய்களைக் கொண்ட நிரந்தரத் தீயணைப்புப் படைகளை அமைத்தனர். உயர்குடிச் சாமுராய்கள் இறக்குமதிக் கம்பளியிலும் புகையூட்டிய மான்தோலிலும் குலச்சின்னம் பொறித்த அங்கிகளை அணிந்தனர். அவற்றில் பல, தீயைவிடப் பார்வையாளரை எண்ணித் தைக்கப்பட்டவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

மரவீடுகள் நெருங்கிய நகர மக்களின் பகுதிகளுக்கு 1720இல் நீதிபதி ஓக்கா தடசுக்கே 47 குழுக்களை ஒழுங்குபடுத்தினார். ஜப்பானிய நெடுங்கணக்கின் எழுத்துகளே குழுக்களின் பெயர்கள். தீயைக் குறிக்கும் ‘ஹி’ உள்ளிட்ட சில எழுத்துகளை மட்டும் விலக்கினர்! செலவை நகர மக்களே ஏற்றனர். உறுப்பினருள் பலர் சாரம் கட்டும் தொழிலாளர்.

அவர்களுக்குக் கம்பளியுமில்லை, தோலுமில்லை. பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைத்து, அவுரிச் சாயம் ஏற்றினர். இத்தையலுக்குச் ‘சஷிகோ’ என்று பெயர். சிறு குத்தல்கள் என்பது பொருள். எளிதில் பற்றும் பருத்தி எப்படிக் காக்கும்? அடுக்குகள் நீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். அங்கி, தலைமூடி, கையுறை அனைத்தையும் நனைத்துக்கொண்டே தீயை நெருங்கினர். நனைந்த அங்கியின் சுமையோடு கூரையேறினர்.

பருத்தி என்றதும் தமிழர் கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் சென்ற கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் ‘சந்தொமே’ என்றழைத்தனர். மயிலாப்பூரின் சாந்தோமே அப்பெயருக்கு மூலம். ஹிகேஷி அங்கிகள் அத்துணியால் ஆனவை அல்ல; எனினும் எடோவாசிகள் விரும்பி உடுத்திய துணிகளுள் அதுவும் ஒன்று. ஜப்பானிய நெசவாளர் அதைப் பார்த்துத் தாமும் நெய்தனர்.

அங்கியின் வெளிப்புறத்தில் குழுவின் அடையாளம் மட்டுமே இருக்கும். உட்புறத்திலோ நீரோடு தொடர்புடைய டிராகன், புராண வீரர், பொங்கும் அலை என வண்ண ஓவியம் விரியும். தீ தணிந்தபின் அங்கியைப் புரட்டி அணிந்து, ஓவியம் தெரிய வீதியில் நடந்தனர். உடைக்கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் உயிரைப் பணயம் வைத்த எளியோர் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட விருது அது என்போம்.

இன்று அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் அந்த ஓவியப்புறமே காட்சிக்கு வைக்கப்படுகிறது. தீயை எதிர்கொண்ட நீலப்புறம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.