சீன மொழி இலக்கணமும் வினைச்சொற்களும்: தமிழ் வழிக் கற்றல்

சீன மொழி இலக்கணம் என்று இங்கே குறிக்கப்படுவது, சீன மக்கள் குடியரசிலும் தைவானிலும் பொதுமொழியாகவும் சிங்கப்பூரில் தமிழோடு சேர்த்து ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் வழங்கும் மாண்டரின் சீனத்தின் தொடரமைப்பும் வினைப் பயன்பாடும் ஆகும். தமிழகத்தில் இம்மொழி பயன்படக்கூடிய இடங்களுக்குக் கடலூர் ஓர் எடுத்துக்காட்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றை ஒட்டிக் குடிகாடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்களின் பகுதியில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை வேதிப்பொருள், மருந்து, சாயம் சார்ந்த ஆலைகளால் அறியப்படுவது. இந்திய மருந்துத் தொழில் தனக்கு வேண்டிய மூலமருந்து இறக்குமதியில் பெரும்பங்கைச் சீனாவிலிருந்தே பெற்றுவருவதால், இத்தகைய தொழில்களில் கொள்முதல், தரக்கட்டுப்பாடு, இயந்திரப் பராமரிப்பு ஆகிய பிரிவுகளில் பணியாற்றுவோருக்குச் சீனம் பயன்தரும் மொழியாகிறது. எழுதும் மடல் ஆங்கிலத்தில் இருந்தாலும், விற்பவரின் பேச்சும் இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கையும் பெரும்பாலும் சீனத்திலேயே இருக்கும்.

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையிலான தொடர்பு பழையது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சோங் அரசவையை அடைந்ததைச் சீன ஆவணங்கள் பதிந்துள்ளன. சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தளபதி ஜெங் ஹ இலங்கையில் நிறுவிய, 1409-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. அண்மைக் காலத்தில் மொழிகற்றல் பெரிதும் ஒருபக்கமாகவே நிகழ்ந்தது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியபின் அதில் பேசிய சீன அறிவிப்பாளர்கள் தமிழைச் செம்மையாகக் கற்றனர்; அதற்கு ஈடாகச் சீனம் கற்ற தமிழர் சிலரே. அப்படிக் கற்போரும் ஆங்கில வழி நூல்களையே நம்புகின்றனர். தமிழ் இலக்கணம் நேராகத் திறந்துவிடும் பல கதவுகளை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப்போய்த் தட்டவேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது.

சீனத்துக்கு இலக்கணமே இல்லை என்னும் பேச்சு பரவலாக உள்ளது, அது சரியன்று. வேற்றுமை உருபும், திணை, பால், எண், இடம் காட்டும் வினைவிகுதியும் அதில் இல்லை என்பதே உண்மை. அவை செய்யும் வேலையைச் சொற்களின் வரிசைமுறையும் இடைச்சொற்களும் ஏற்றுக்கொள்கின்றன. சீனரே தம் மொழிக்கு எழுதிய முறையான முதல் இலக்கணம் 1898-இல் மா ஜியன்ஜோங் வெளியிட்ட ‘மாஷி வென்தோங்’ ஆகும். பிரான்சில் பயின்ற அவர் இலத்தீன இலக்கணத்தை அச்சாகக் கொண்டமையால், ஐரோப்பிய மொழிகளின் பாகுபாடுகள் சீனப் பாடநூல்களில் ஆழமாக இறங்கிவிட்டன.

ஒலியளவில் ஒரு குறிப்பு போதும். சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் எழுதும் ‘பின்யின்’ முறை 1958-இல் ஏற்கப்பட்டது. அதில் பி, டி, ஜி எனத் தொடங்கும் எழுத்துகள் ஆங்கிலத்தில்போல் குரலொலி பெறாமல், தமிழில் சொல்முதலில் வரும் ப, த, க போலவே ஒலிக்கின்றன. மூச்சை வலிந்து வெளிவிட்டு ஒலிக்கும் இன்னொரு வரிசையைத்தான் தமிழர் புதிதாகப் பழகவேண்டும். ஆர் என எழுதப்படும் ஒலி தமிழ் ழகரத்துக்கு நெருங்கியது என்பதால் ‘ஆள்’ எனப் பொருள்படும் சொல்லை ‘ழென்’ என எழுதுவது பொருந்தும். நான்கு தொனிகளும் தமிழில் இல்லாதவை. ‘மாய்’ என்பது இறங்கி ஏறும் தொனியில் ‘வாங்கு’ எனவும், செங்குத்தாக இறங்கும் தொனியில் ‘விற்பனை செய்’ எனவும் பொருள்படுமாதலால், கொள்முதல் பிரிவில் இருப்பவர் தொனியைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் தொனி குறிக்கப்படவில்லை.

சீனத் தொடரில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பதே அடிப்படை வரிசை. இது தமிழுக்கு மாறானது. ஆயினும் காலமும் இடமும் வினைக்கு முன்னரே வருகின்றன. நாள், முகவரி இரண்டும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகின்றன. ‘மேல்’, ‘உள்’ போன்ற இடப்பொருள் சொற்கள் பெயருக்குப் பின்னே நிற்கின்றன. பெயரெச்சத் தொடர் தமிழில்போலவே பெயருக்கு முன் அமைகிறது: ‘ட்ஸுவோதியன் லாய் த ழென்’ என்பது ‘நேற்று வந்த ஆள்’ என்பதன் வரிசையை மாற்றமின்றிப் பின்பற்றுவது, ‘வந்த’ என்பதன் ஈற்றில் உள்ள அகரம் செய்யும் பணியைத் ‘த’ என்னும் இடைச்சொல் செய்கிறது. வினா எழுப்பத் தொடரின் ஈற்றில் ‘மா’ சேர்க்கப்படுகிறது. ‘நீ லாய் மா?’ என்றால் ‘நீ வருகிறாயா?’ என்று பொருள். இதில் முன்னிலைச் சொல் இரு மொழியிலும் ‘நீ’ என ஒலிப்பது வெறும் தற்செயலே. அதை வைத்து உறவுமுறை கொண்டாடும் ஆர்வலர் கட்டுரைகளைக் கற்போர் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒப்பீட்டில் ‘தா பி வோ காவ்’ என்பது ‘அவன் என்னைவிட உயரம்’ என்பதாகும். இங்கும் ‘இரு’ போன்ற துணைவினை எதுவும் தேவைப்படவில்லை. வட சீனப் பேச்சில் கேட்பவரை உள்ளடக்கிய ‘ட்ஸான்மென்’, ‘வோமென்’ என்பதிலிருந்து வேறுபடுவது, தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபடுவதை ஒத்தது.

வினைச்சொல் பற்றிய முதன்மையான செய்தி, அது காலம் காட்டுவதில்லை என்பது. வந்தான், வந்தாள், வந்தது, வருவார்கள் ஆகிய அனைத்துக்கும் ‘லாய்’ என்ற ஒரே வடிவமே. காலத்தை ‘நேற்று’, ‘நாளை’ போன்ற சொற்கள் உணர்த்துகின்றன. வினை காட்டுவது செயலின் நிலையை, அதாவது அது முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, முன்பு நேர்ந்ததுண்டா என்பதை. ஆங்கிலம் வழியாகக் கற்பவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘ல’ என்னும் இடைச்சொல்லை இறந்தகால விகுதி என்று முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு விதிவிலக்குகளைக் கண்டு அவர்கள் திகைக்கின்றனர். தமிழர் அதை ‘விடு’ என்னும் துணைவினையோடு பொருத்திப் பார்த்தால் சிக்கலின் பெரும்பகுதி தீர்கிறது. ‘ஹுவோ தாவ் ல’ என்றால் ‘சரக்கு வந்துவிட்டது’. ‘ச்சி ல ஃபான் ட்ஸாய் ட்ஸோவ்’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டுப் போ’. பின்னது ஏவலாதலால் இறந்தகாலத்துக்கு அங்கு இடமே இல்லை. இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் செல்லாது: ‘வோ பு ச்சுய் ல’ என்பது ‘போகலாம் என்றிருந்தேன், இனிப் போகப்போவதில்லை’ என்னும் நிலைமாற்றத்தைச் சொல்வது, அங்கே ‘விடு’ உதவாது. வினைக்கு முன் வரும் ‘ட்ஸாய்’ (மேலே ‘ட்ஸோவ்’ என்பதற்கு முன் வந்தது வேறு சொல்) ‘-கொண்டிரு’ என்பதற்கும், வினைக்குப் பின் வரும் ‘குவோ’ ‘போனதுண்டு’, ‘பார்த்ததுண்டு’ என்பவற்றில் உள்ள ‘உண்டு’ என்பதற்கும் நெருங்கியவை.

எதிர்மறையில் இன்னும் நெருக்கம் காணப்படுகிறது. ‘மெய்யோவ் ச்சியன்’ என்றால் ‘பணம் இல்லை’. ‘மெய்யோவ் லாய்’ என்றால் ‘வரவில்லை’. இன்மைக்கும் நிகழாமைக்கும் ஒரே சொல்லைக் கையாளும் இவ்வழக்கு தமிழருக்கு விளக்கமே வேண்டாதது. விருப்பமின்மையை அல்லது வழக்கமின்மையைக் குறிக்கும் ‘பு’ தனியானது. ‘பு லாய்’ என்பது ‘வர மாட்டேன்’ என்பதன் பக்கம் சாய்வது. ஆற்றல் உணர்த்தும் துணைவினைகளிலும் இதே நிலை. ஆங்கிலம் ஒற்றைச் சொல்லால் சொல்லிவிடுவதைச் சீனம் மூன்றாகப் பிரிக்கிறது: ‘ஹுய்’ என்பது ‘ஓட்டத் தெரியும்’, ‘நங்’ என்பது ‘ஓட்ட முடியும்’, ‘கயி’ என்பது ‘ஓட்டலாம்’. தெரியும், முடியும், -லாம் என்ற மூன்றும் தமிழில் தனித்தனியே இருப்பதால் இம்மூன்றும் குழம்புவதில்லை. பேச்சில் தடை சொல்லும் ‘பு கயி’ என்பது ‘கூடாது’ என்பதற்கு நேரானது.

சீன இலக்கணத்தில் கடினமானது எனப் பெயர்பெற்ற ‘பா’ தொடர், செயப்படுபொருளை வினைக்கு முன் கொண்டுவருவது. டிரம் அடுக்கிய கிடங்கில் ஒருவர் ‘பா தோங் நா லாய்’ என்று சொன்னால், ‘டிரம்மைக் கொண்டு வா’ என்று பொருள். ‘தோங்’ டிரம், ‘நா’ கொள், ‘லாய்’ வா, ‘பா’ என்பது ஐகாரம், பெயருக்குப் பின் வராமல் முன் வந்தது. ஏதேனும் ஒரு டிரம் வேண்டுமென்றால் ‘நா ஈ க தோங் லாய்’ என்று சொல்லவேண்டும். ‘பா’ அங்கே வராது. தமிழிலும் ‘ஒரு டிரம் கொண்டு வா’ என்பதில் ஐ மறைந்து, இருவரும் அறிந்த குறிப்பிட்ட டிரம்மைச் சொல்லும்போது தோன்றுகிறது. பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்நுட்பத்தைத் தமிழ்க் குழந்தை ஐந்து வயதுக்குள் கைக்கொண்டுவிடுகிறது. இன்னொரு நிபந்தனை, ‘பா’ தொடரின் வினை தனித்து நிற்காமல் ‘லாய்’ போன்றதொரு துணையைப் பெறவேண்டும்.

அத்துணைகளுள் ‘விளைவு நிரப்பி’ எனப்படுவது தனிக் கவனத்துக்கு உரியது. ‘ஷியு’ என்பது பழுதுபார்த்தல் மட்டுமே. பார்த்துச் சரியானதா என்பதை அது சொல்லாது. ‘ஷியு ஹாவ் ல’ என்றால்தான் இயந்திரம் சரியாகிவிட்டது. இடையில் ‘பு’ செருகி ‘ஷியு பு ஹாவ்’ என்றால் எவ்வளவு முயன்றாலும் சரியாகாது என்று பொருளாகிறது. அதேபோல் ‘திங் பு தோங்’ என்பது, காதில் விழுந்தும் புரியாத நிலை. வினையெச்சம் கொண்டு முயற்சியையும் விளைவையும் வெவ்வேறாகச் சொல்லிப் பழகிய தமிழருக்கு இதன் உட்பொருள் எளிது. இடைவெளியின்றி அடுக்கிய இரண்டு வினைகளுக்கு நடுவே எதிர்மறையை வைக்கும் பழக்கம்தான் வர நாளாகும்.

தமிழ் உதவாத இடங்களும் உள. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என நான்காம் வேற்றுமையில் தொடங்கும் தொடர்கள் சீனத்தில் ‘வோ’ என்னும் எழுவாயிலேயே தொடங்கும். ‘என்று’ என்னும் சொல்லுக்கு நிகரில்லை. ‘சொன்னான்’ என்பதன் பின் சொன்ன செய்தி அப்படியே தொடரும். எண்ணுக்கும் பெயருக்கும் இடையே ‘அளவைச்சொல்’ ஒன்று கட்டாயம்; ‘மூன்று பேர்’ என்பதில் உள்ள ‘பேர்’ அதற்கு ஓரளவு ஒப்பாயினும், தாளுக்கு ‘ஜாங்’, புத்தகத்துக்குப் ‘பென்’, ஆற்றுக்கும் மீனுக்கும் ‘தியாவ்’ என நினைவில் நிறுத்தவேண்டிய பட்டியல் நீளமானது.

சீன அரசின் மொழித்திறன் தேர்வு ஆறு நிலைகளாக நடந்தபோது முதல் நிலைக்கு 150 சொற்களும் மூன்றாம் நிலைக்கு 600 சொற்களும் ஆறாம் நிலைக்கு 5,000 சொற்களும் வகுக்கப்பட்டிருந்தன. 2021-இல் வெளியான தரவரையறை ஒன்பது நிலைகளைக் கொண்டது. தைவான் தனித் தேர்வு நடத்துகிறது. அங்கே எளிமைப்படுத்தப்படாத பழைய எழுத்துவடிவமே வழங்குகிறது. செய்யாறு சிப்காட்டில் தைவானியக் காலணி ஆலை ஏற்கெனவே இயங்குவதாலும், கடலூரை அடுத்த உளுந்தூர்ப்பேட்டை, ஜெயங்கொண்டம் சிப்காட் வளாகங்களுக்கும் தைவானியக் காலணி நிறுவனங்களின் முதலீடு அறிவிக்கப்பட்டதாலும், இப்பகுதியில் சீனம் கற்போர் தைவான் வழக்கையும் அறிந்திருப்பது நல்லது. பெய்ஜிங் பாடநூல் ‘வோ ச்சுய் ல’ என்று கற்பிக்கும் இடத்தில் தைவானியர் பலர் ‘வோ யோவ் ச்சுய்’ என்கின்றனர். ‘யோவ்’ என்பது ‘உண்டு’ எனப் பொருள்படுவது.