அத்திலாந்திக்கைக் கடந்த ஐந்தாவது விமானம்

ஆளில்லா விமானம் என்றதும் எங்கள் மக்களின் நினைவில் முதலில் வருவது ‘வண்டு’தான். போர்க்காலத்தில் வன்னி வானில் இரைந்துகொண்டிருந்த வேவு விமானத்துக்கு மக்கள் சூட்டிய பெயர் அது. அதே இனத்தைச் சேர்ந்த, எவருக்கும் தீங்கு எண்ணாத ஒரு சிறு விமானத்தின் கதையை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. வாரக்கணக்கில் செதுக்கி ஒட்டி உருவாக்கியது, கணப்பொழுதில் தரையில் மோதிச் சிதறிவிடலாம். கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போனால் அதை இழந்ததாகவே கொள்ளவேண்டும். அமெரிக்கரான மேனாட் ஹில் இந்த எல்லையைத்தான் மீற எண்ணினார்.

ஹில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் பணியாற்றிய உலோகவியலாளர். மாதிரி விமானத்துறையில் பல உலக சாதனைகளை நிலைநாட்டியவர். 1970 இல் அவரது விமானம் 8,205 மீற்றர் உயரத்தைத் தொட்டது. தொலைநோக்கியால் அதனைக் கண்காணித்தபடியே இயக்கினார்கள். முதுமையில் அவரது கண்பார்வை பெருமளவு போய்விட்டது; செவிப்புலனும் குன்றியது. ஆயினும் விரல்களால் தடவித் தடவி விமானங்களைக் கட்டிக்கொண்டேயிருந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடப்பதே அவரது இலக்கு.

அதற்கு அவர் தேர்ந்த பாதையிலும் வரலாறு இருந்தது. 1919 ஜூன் மாதத்தில் ஜோன் அல்கொக், ஆதர் பிறவுண் ஆகிய இருவரும் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, எங்கும் தரிக்காமல் அயர்லாந்தின் கிளிப்டன் நகருக்கு அருகே இறங்கினார்கள். புல்வெளி எனக் கருதி அவர்கள் இறங்கிய இடம் சதுப்பு நிலமாயிருந்தது. மூக்குப் புதைந்து நின்றது விமானம். இருவரும் உயிர் தப்பினர்.

மாதிரி விமானம் ஒன்று சாதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டுமாயின் அதன் நிறை எரிபொருளோடு 5 கிலோவுக்கு மேற்படக் கூடாது. இதுவே ஹில்லின் பெருஞ் சிக்கல். பல்சா மரத்தாலான உடலும், ஏறத்தாழ 1.8 மீற்றர் இறக்கையும் கொண்ட அவரது விமானத்தில், புறப்படும்போதிருந்த நிறையில் கிட்டத்தட்ட அரைப்பங்கு எரிபொருள். அதுவும் ஒரு கலனுக்குக் குறைவு. அதைக்கொண்டு 3,000 கிலோமீற்றர் பறக்க வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் மனிதக் கை வானொலி மூலம் இயக்கும். இடையில் செய்மதி வழிகாட்டலுடன் தன்னியக்கக் கருவி செலுத்தும்.

2002 ஓகஸ்டில் மூன்று விமானங்கள் அனுப்பப்பட்டன. மூன்றும் கரைசேரவில்லை. 2003 ஓகஸ்டில் அனுப்பிய நான்காவதும் அதே வழி போனது. ஓகஸ்ட் 9 ஆம் திகதி மாலை, ஸ்பியர் முனையிலிருந்து ஐந்தாவது விமானம் கையால் வீசிப் பறக்கவிடப்பட்டது. ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’ என்பது அதன் பெயர்; ஒத்திகை பார்த்த மேரிலாந்துப் பண்ணையின் நினைவாக இட்டது. சுமார் 300 மீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் சென்றது. இடையே சில மணி நேரம் அதிலிருந்து தகவல் எதுவும் வராது போயிற்று. இதுவும் போயிற்று என்றே கரையில் இருந்தவர்கள் அஞ்சியிருப்பார்கள்.

ஓகஸ்ட் 11 ஆம் திகதி பிற்பகல் கிளிப்டனுக்கு அருகிலுள்ள கடற்கரையில் காத்திருந்தவர்களின் கண்ணில் அது பட்டது. தரையிறக்கியவர் டேவ் பிறவுண். 1919 இல் வழிகாட்டி வந்தவரும் ஒரு பிறவுண் என்பது தற்செயலான பொருத்தம். பறந்த நேரம் 38 மணி 52 நிமிடம். தாங்கியில் எஞ்சியிருந்த எரிபொருள் இன்னொரு மணி நேரத்துக்கும் போதாது.

ஹில்லுக்கு அப்போது 77 வயது. அந்தத் தரையிறக்கத்தை அவர் பார்க்கவில்லை. சமுத்திரத்தின் மறுகரையில், நியூபவுண்ட்லாந்தில் இருந்தார். அருகில் நின்றிருந்தாலும் அந்தச் சிறு புள்ளி அவர் கண்ணுக்குத் தெரிந்திராது. செய்தி எட்டியதும் மனைவியை அணைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுததாக அவரே பின்னர் கூறினார். 2011 ஜூன் மாதத்தில் தமது 85 ஆவது வயதில் அவர் காலமானார்.

பட்டியலில் இருப்பது ஐந்தாவது விமானத்தின் பெயர் மட்டுமே. அதற்கு வழிசொல்லிக் கொடுத்த நான்கும் கரை சேராமலே போயின.