கடைசி ரீலில் வில்லன் தோற்றால் போதுமா?

"படத்துல எவ்வளவு அடிதடி இருந்தா என்ன, கடைசியில கெட்டவன் மாட்டிக்குவான்ல?" பிள்ளைகளோடு சண்டைப் படம் பார்க்கும்போது நானும் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளிக் குழந்தைகள் 66 பேருக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு குட்டிப் படம் காட்டினார். ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையைப் போட்டு அடிக்கிறார். படம் ஒன்றுதான், முடிவு மூன்று. ஒன்றில் அவருக்குப் பரிசு, இன்னொன்றில் தண்டனை, மூன்றாவதில் எதுவுமில்லை. ஆய்வு 1965-ல் வெளிவந்தது.

தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் பொம்மையை அடித்தது குறைவுதான். அப்பாடா என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பார்த்ததைச் செய்து காட்டினால் ஸ்டிக்கரும் ஜூஸும் உண்டு என்றதும், மூன்று குழுவினருமே ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். ஆக, தண்டனை கையைத்தான் கட்டிப்போட்டது. பாடம் எல்லோருக்கும் ஏறியிருந்தது.

சரி, நாயகன் பக்கமே தப்பு இருந்தால்? 1915-ல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் கு க்ளக்ஸ் கிளான்தான் நாயகர்கள், கருப்பின மக்கள் வில்லன்கள். அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையிலேயே அதைத் திரையிட்டார்கள். பின்னாளில் தர்ஸ்டோனும் ரூத் பீட்டர்சனும் இல்லினாய் மாநிலத்தின் கிரிஸ்டல் லேக் ஊர் மாணவர்களுக்கு அதே படத்தைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்களுடைய மனப்போக்கை அளந்தார்கள். கருப்பின மக்களோடு பழக்கமே இல்லாத பிள்ளைகள் அவர்கள். ஒரே காட்சியில் வெறுப்பு கூடியது. ஐந்து மாதம் கழித்தும் அது முழுசாக இறங்கவில்லை. 1933-ல் வெளியான அதே ஆய்வில், சீனர்களைப் பரிவோடு காட்டிய ஒரு படம் பிள்ளைகளின் மனதை அவர்கள் பக்கம் திருப்பியதும் பதிவாகியிருக்கிறது. கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது.

எனக்கு உறைத்தது இதுதான். பிள்ளைகள் புதுசாக ஒரு வெறுப்பைக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் கைதட்டி ரசித்ததைத்தான் வாங்கிக்கொண்டார்கள். நம் மனம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுதான் திரை வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

இப்போதெல்லாம் படம் முடிந்ததும் வீட்டில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "யார் அடி வாங்கினப்போ நாம சிரிச்சோம்?" பல நாள் பதில் சொல்லத் திணறுவது நான்தான்.