பொன்னை அடகு வைத்த அச்சமும் 2008ஆம் ஆண்டும்

2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியை இந்தியா தாங்கிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் லேமன் பிரதர்ஸ் திவாலான செப்டம்பர் 15இலிருந்து தொடங்குகின்றனர். அவ்வரலாறு 1991 ஜூலையிலேயே மும்பையில் தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

வளைகுடாப் போரை ஒட்டி எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணிக் கையிருப்போ ஏறத்தாழ இரு வார இறக்குமதிக்கே போதும் என்றாகிவிட்டது. ரிசர்வ் வங்கி தன் பொன்னில் ஏறத்தாழ 47 டன்னை விமானமேற்றி, இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் 40.5 கோடி டாலர் கடன் பெற்றது. அப்போது ஆளுநர் எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன். இருவரும் தமிழர். வீட்டு நகை அடகுக்கடைக்குப் போவதை அண்டை வீட்டார் அறியாமல் பார்த்துக்கொள்வது நம் வழக்கம். அரசும் அவ்வாறே மறைத்துத்தான் செய்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏடு அதை வெளியிட்டுவிட்டது.

அந்தத் தலைகுனிவை விட்டுவிட்டு ரிசர்வ் வங்கியின் பிற்காலப் போக்கை விளங்கிக்கொள்ள இயலாது. 1997 மே மாதம் தாராப்பூர் குழு, மூலதனக் கணக்கை மூன்றாண்டுகளில் திறந்துவிடலாம் என்றது. ஜூலை 2 அன்று தாய்லாந்தின் பாத் சரிந்தது. பரிந்துரை கிடப்பில் போயிற்று. பின்னர் ஆளுநராக வந்த ஒய்.வி. ரெட்டி, வணிகக் கட்டடங்களுக்குத் தரும் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்குமாறு 2005, 2006ஆம் ஆண்டுகளில் விதியை இறுக்கினார். மட்டுமீறிய எச்சரிக்கை என்று அன்று அவரைக் குறை கூறியோர் பலர். 2008 மார்ச் இறுதியில் கையிருப்பு ஏறத்தாழ 31,000 கோடி டாலர். ஓராண்டில் அது 25,200 கோடியாகக் குறைந்தும் பெரிய வங்கி எதுவும் வீழவில்லை. செப்டம்பரில் பொறுப்பேற்ற சுப்பாராவ், வங்கிகளின் ரொக்கக் கையிருப்பு விகிதத்தை 9 விழுக்காட்டிலிருந்து ஜனவரிக்குள் 5ஆகக் குறைத்துப் பணத்தைப் புழக்கத்தில் விட முடிந்தது. முன்பு இறுக்கி வைத்திருந்ததால்தான் தளர்த்த இடமிருந்தது. 2008–09இல் வளர்ச்சி 6.7 விழுக்காடு. 2009 நவம்பரில் இதே வங்கி, பன்னாட்டு நாணய நிதியத்திடம் 200 டன் பொன் வாங்கியது!

ஆனால் 'தாங்கியது' என்ற வினைக்கு எழுவாய் யார்? 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தான் ஆய்ந்த துறைகளில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் வேலையிழந்ததாகத் தொழிலாளர் நலத்துறையின் லேபர் பீரோ மதிப்பிட்டது. பத்துப் பேருக்குக் குறைவானோர் உழைக்கும் பட்டறைகள் அக்கணக்கில் இல்லை. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் வேரூன்றிய தோல் தொழில் பெரும்பாலும் அத்தகைய பட்டறைகளில்தான் நடக்கிறது. எங்கள் பாண்டுப்பிலும் லால் பகதூர் சாஸ்திரி சாலையோரத்து ஆலைகள் பல முன்பே மூடப்பட்டு, வேலை சிறு கூடங்களுக்குச் சிதறியிருந்தது. ஆர்டர் நின்றால் அங்கே ஆட்குறைப்பு அறிவிப்பு ஒட்டப்படுவதில்லை. ஆள் ஊருக்கு ரயிலேறிவிடுவார். மைய வங்கியின் பொன் எவ்வளவு போயிற்று என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் இவ்வீடுகளிலிருந்து அடகுக்கடைக்குப் போன பொன்னை எவரும் எடை போட்டதில்லை.

2008–09ஆம் ஆண்டின் பட்டறைக் கணக்குப் புத்தகங்கள், கூலிச் சீட்டுகள், அடகுச் சீட்டுகள் எவரிடமேனும் இருப்பின், பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாமல் உட்பெட்டியில் தெரிவியுங்கள்; பாண்டுப், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்காயினும் நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.