முத்தின் கணக்கும் மூச்சின் கணக்கும்

மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலைச் சேரும் பகுதியில் அமைந்த கரையோரக் கிராமம் அரிப்பு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிவந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. எனினும் இவ்வூருக்குப் பெரும் புகழ் தந்தது முத்துச் சலாபம்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் இங்கே மாளிகையொன்றை எழுப்பினார். 'டொரிக்' எனப்படும் அதன் இடிபாடுகளைக் கடல் அரித்து வருகிறது.

மாளிகையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் பார்க்க வேண்டியது கடலுக்குள் இறங்கியவர்களை.

கப்டன் றொபேர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர்களைக் காணலாம். கல் கட்டிய கயிற்றைக் கால்விரல்களால் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவர். மேலே வந்ததும் வாய், மூக்கு, காதுகளிலிருந்து நீர் வெளிப்படும். அடிக்கடி இரத்தமும் வரும். ஆயினும் தம் முறை வந்ததும் மீண்டும் இறங்குவர். ஒரே நாளில் 40, 50 தடவை!

இதன் காரணம் இன்று தெளிவு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. செவிப்பறை கிழியலாம், மூக்கையொட்டிய எலும்பறைகளின் நுண்குழாய்கள் வெடிக்கலாம். நெஞ்சு நிறைய மூச்செடுக்காமல் ஆழம் சென்றால் நுரையீரலிலும் இரத்தம் கசிந்து மூச்சுக்குழாய் வழியே மேலே வரலாம்.

மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் சத்திரசிகிச்சையின் பின், சில நாட்கள் கழித்துச் சிறிதளவு இரத்தம் தோன்றினாலும் மருத்துவர்கள் அலட்சியம் செய்வதில்லை. அருகிலுள்ள பெருந்தமனியை அக்குழாய் அரித்துவிட்டதற்கான முன்னறிவிப்பாக அது இருக்கலாம்; அடுத்த கசிவு உயிரையே பறிக்கலாம். அரிப்புக் கடலிலோ இரத்தம் அன்றாட நிகழ்ச்சி!

ஏன் மீண்டும் இறங்கினர்? 1905ஆம் ஆண்டுச் சலாபத்தின் கணக்கு விடை சொல்லும். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் அளவில் கிடைத்தது. சிப்பிகளை மூன்று குவியலாக்கினால் இரண்டு அரசுக்கு, ஒன்றே குளித்தவருக்கு. எத்தனை தடவை இறங்கினாரோ, அத்தனைக்குத்தான் அந்த ஒரு குவியலும் உயரும்.

மறு ஆண்டே முத்துப்படுகைகள் இலண்டன் நிறுவனமொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி வற்றியது, நிறுவனமும் வீழ்ந்தது. சிப்பிகள் எண்ணி வைக்கப்பட்டன. கேள்வி இழந்த செவிகளை எவரும் குவியலிட்டுப் பங்கு பிரிக்கவில்லை.