மியூட்டினியா, ரிவோல்ட்டா?

1857ல நடந்ததுக்கு ஆங்கிலத்துல எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? மியூட்டினி, ரெபெல்லியன், ரிவோல்ட், வார் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்... நடந்தது ஒண்ணுதான். ஆனா எந்தச் சொல்லை எடுக்கறோமோ, அந்தப் பக்கம் போய் நின்னுடறோம்.

'மியூட்டினி' ராணுவச் சட்டத்துச் சொல். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாத சிப்பாயின் குற்றம். அதைச் சொன்ன உடனேயே கம்பெனிக்கு நம்மை ஆள உரிமை உண்டுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. சரி, ஜான்சி ராணி யார் படையில சிப்பாய்?

இந்தச் சந்தேகம் அப்பவே லண்டன்ல வந்திருக்கு. ராணுவ மியூட்டினியா, தேசிய ரிவோல்ட்டான்னு 1857 ஜூலையில காமன்ஸ் சபையில கேட்டவர் டிஸ்ரேலி. அப்போ அவர் எதிர்க்கட்சி! 1909ல சாவர்க்கர் 'இந்திய சுதந்திரப் போர்'னு புத்தகம் போட்டார். பிரிட்டிஷ் அரசு தடை போட்டுச்சு. 1957ல நூற்றாண்டுக்காக மத்திய அரசு எழுதச் சொன்ன எஸ்.என்.சென், 'எய்ட்டீன் ஃபிஃப்டி செவன்'னு வெறும் ஆண்டையே தலைப்பா வச்சுட்டார். எண்ணுக்குக் கட்சி கிடையாதே :-)

1806 வேலூருக்கும் ஆங்கிலத்துல அதே மியூட்டினிதான். அதைத் தமிழ்ல 'கலகம்'னு எழுதினா, வெள்ளைக்காரன் தீர்ப்பையும் சேர்த்தே மொழிபெயர்த்துடறோம். நான் 'புரட்சி'ன்னுதான் எழுதறேன். நீங்க?