வயசைக் கூட்டின ஊரும் வயசைக் குறைக்கிற மைதானமும்

2023 செப்டம்பர் 26. டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துல மாநிலத் தடகளப் போட்டியோட கடைசி நாள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப்போட்டிக்கு எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தாங்க. துப்பாக்கி சுட்டப்போ ஓடினது ஒரே ஒருத்தர்.

மீதிப் பேருக்கு என்ன ஆச்சு? தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையோட ஆட்கள் சிறுநீர் மாதிரி எடுக்க மைதானத்துக்கு வந்துட்டாங்கன்னு செய்தி பரவிடுச்சு. ஒருத்தருக்குத் தசைப்பிடிப்பு, இன்னொருத்தருக்குக் காய்ச்சல், சிலரைக் காணவே இல்ல. ஸ்டேடியக் கழிப்பறையில பயன்படுத்தின சிரிஞ்சுகள் கிடந்த வீடியோவும் அந்த நாட்கள்லதான் வெளியே வந்துச்சு.

நிறைய பேர் சிரிச்சாங்க, மீம்ஸ் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்த ஆண்டு இந்தியாவுல எடுத்த மாதிரிகள் 5,606. அதுல ஊக்கமருந்து தெரிஞ்சது 213. அதாவது 3.8 சதவீதம். அதே ஆண்டு சீனா 28,000-க்கு மேல மாதிரி எடுத்துச்சு, அங்க 0.2 சதவீதம்தான். நம்ம நிலைமை இதுதான்.

ஆனா இந்தத் தொடர் ஊசியைப் பத்தி மட்டும் இல்ல. ஒரு கல்லூரி அணி, ஒரு பள்ளி அணி "சுத்தமான அணி"ன்னு எதை வச்சுச் சொல்றோம்? இதுக்குக் கொஞ்சம் வரலாறு பார்த்துட்டு, அப்புறம் எங்க விருதுநகர், சிவகாசிப் பக்கம் வருவோம். அங்கதான் எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு.

நம்ம ஊர்க் கபடிப் போட்டியில "ஆள் இறக்குறது"ன்னு ஒரு வார்த்தை உண்டு. ஊர்ப் பேர்ல அணி இருக்கும், ஆடுறவன் எவனோ வெளியூர்க்காரனா இருப்பான். இது நம்ம கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல முதல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி 1852-ல ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. செலவு பண்ணினது ஒரு ரயில்வே கம்பெனி, கூட்டம் வந்தா டிக்கெட் விற்கும்ல! அடுத்த போட்டி 1855-ல. அதுல ஹார்வர்டு படகுல சுக்கான் பிடிச்சவர் ஏற்கனவே பட்டம் வாங்கிட்டு வெளியே போன ஆள். ரெண்டாவது போட்டியிலேயே ஆள் இறக்கிட்டாங்க.

அப்புறம் அங்க கால்பந்து வந்துச்சு, அதாவது அவங்க கையால பிடிச்சு ஓடுற கால்பந்து. பகை வளர்ந்துச்சு, பணம் வளர்ந்துச்சு. டெக்சாஸ் மாநிலத்துல டாலஸ் நகரத்துல சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்னு ஒண்ணு. சின்ன நிறுவனம்தான், ஆனா 1982-ல ஒரு போட்டியில கூடத் தோக்கலை. எப்படி? பழைய மாணவர்களான பணக்காரர்கள் வீரர்களுக்கு மாசாமாசம் ரகசியமா காசு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. மாட்டினாங்க. தண்டனையும் வாங்கினாங்க. அதுக்கு அப்புறமும் காசு போச்சு!

ஏன் நிறுத்தலை? இந்த இடம்தான் முக்கியம். ஏற்கனவே வாக்குக் கொடுத்துக் கூட்டிட்டு வந்த பசங்களுக்குத் திடீர்னு நிறுத்தினா அவங்க வாயைத் திறந்துடுவாங்க. அதனால அந்தப் பசங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் கொடுத்துட்டு மெதுவா நிறுத்திக்கலாம்னு நிர்வாகக் குழுவே முடிவு பண்ணுச்சு. இதை ஒத்துக்கிட்டது யார் தெரியுமா? அந்தக் குழுவுக்குத் தலைவரா இருந்த பில் கிளெமென்ட்ஸ். ஒத்துக்கிட்டப்போ அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர், அதாவது நம்ம கணக்குல முதலமைச்சர் மாதிரி.

1987 பிப்ரவரியில அந்தப் பல்கலைக்கழகத்தோட அந்த ஆண்டுக் கால்பந்து மொத்தத்தையும் ரத்து பண்ணினாங்க. அந்தத் தண்டனைக்கு மக்கள் வச்ச பேரே "மரண தண்டனை". அடுத்த 20 ஆண்டுக்கு அந்த அணி எழுந்திருக்கவே இல்ல. ஒரு விஷயம் கவனிங்க. அதே மாநிலத்துல அவங்களோட மோதின பல பல்கலைக்கழகங்களும் அந்தக் காலகட்டத்துல ஏதாவது ஒரு தண்டனை வாங்கினவைதான். எதிரி செய்றான், நாம சும்மா இருந்தா தோத்துடுவோம்னு ஒவ்வொருத்தரும் நினைச்சிருக்காங்க.

இன்னொரு வகை, வட கரோலினா பல்கலைக்கழகம். அங்க பணம் இல்ல, படிப்பு. 1993-லேர்ந்து 2011 வரைக்கும் வகுப்பே நடக்காத "வகுப்புகள்". ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தா நல்ல மதிப்பெண். 3,100 மாணவர்களுக்கு மேல இதுல சேர்ந்திருந்தாங்க, அதுல கிட்டத்தட்டப் பாதி விளையாட்டு வீரர்கள். நம்ம கல்லூரிகள்ல "ஓ.டி." வருகைப்பதிவு வாங்கித் தெரிஞ்சவங்களுக்கு இது எங்க போய் முடியும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

சரி, எங்க ஊருக்கு வருவோம்.

விருதுநகர்ல காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலாவை வளர்த்தது வீட்டுக்கு வீடு எடுத்து வச்ச பிடி அரிசி. சமைக்கும்போது ஒரு பிடி தனியா எடுத்து வச்சு, அதைச் சேர்த்து வித்துப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. 1947-ல விருதுநகர்ல செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963-ல சிவகாசியில அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-ல அதே ஊர்ல பட்டாசுக் கம்பெனிப் பேரோடயே ஸ்டாண்டர்டு ஃபயர்வொர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. வியாபாரிகள் காசு போட்டுக் கல்லூரி கட்டின ஊர் இது. அதுல தப்பே இல்ல, நானெல்லாம் அப்படி எழுந்த நிறுவனங்களாலதான் படிச்சு வந்தவன். காசு கொடுக்கிறவர் யார்னு ஊருக்கே தெரியும்ங்கிறதுதான் டாலஸுக்கும் இங்கேக்கும் பெரிய வித்தியாசம்.

எங்க பக்கத்துச் சிக்கல் வேற. அது வயசு.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்ல பல பத்தாண்டுகள் குழந்தைகள் வேலை பார்த்தாங்க. விடியறதுக்கு முன்னாடி கிராமங்கள்ல பஸ் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்துல ஏறுற பிள்ளைக்கு வயசு கேட்டா "பதினாலு முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லணும். ஏன்னா 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 14 முடியாதவங்க தொழிற்சாலைக்குள்ள வேலை செய்யக் கூடாதுன்னு இருந்துச்சு. 14 முடிஞ்சவங்களுக்கும் சான்றளிக்கும் மருத்துவர் கையெழுத்து வேண்டியிருந்துச்சு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலயும் வயசுல தகராறு வந்தா முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவ அதிகாரிதான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1990-லயும் 1996-லயும் தீர்ப்புச் சொல்லுச்சு. சட்டத்தை மீறி வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னது 1996 தீர்ப்பு.

அதாவது இந்த மண்ணுல ரொம்ப நாள் வயசைக் கூட்டிச் சொல்றதுதான் பிழைப்பு. இப்போ மைதானத்துல வயசைக் குறைச்சுச் சொல்றது பிழைப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு டாக்டர் கையெழுத்து.

ஏன் குறைக்கிறாங்க? 16 வயசுப் பையன் 14 வயசுப் பிரிவுல ஓடினா ஜெயிப்பான், அவ்வளவுதான். ஜெயிச்சா விளையாட்டு விடுதி, அப்புறம் கல்லூரியில இடம், அப்புறம் பல்கலைக்கழக அணி. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில பதக்கம் வாங்கினா ரயில்வே மாதிரி இடங்கள்ல வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கு. மருந்துத் தொழிற்சாலையில அப்பா கந்தகத்தோட மல்லாடுற வீட்டுல இது எவ்வளவு பெரிய கதவுன்னு யோசிச்சுப் பாருங்க. (எங்க ஊர்ல "மருந்து"ன்னா முதல்ல பட்டாசு மருந்துதான், அப்புறம்தான் மாத்திரை.)

நம்ம பெற்றோர் தலைமுறையில பாதிப்பேருக்கு மே, ஜூன்லதான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல வச்சு இடது காதைத் தொடச் சொல்லுவாங்க, தொட்டா அஞ்சு வயசு. வாத்தியார் ஒரு தேதி போடுவார். அதுல ஏமாத்துற எண்ணம் கிடையாது. ஆனா ஆவணத்துல இருக்கிற வயசும் உடம்போட வயசும் வேற வேறயா இருக்கலாம்ங்கிற பழக்கம் அங்கேயே வந்துடுச்சு.

இப்போ கண்டுபிடிக்க என்ன வழி? இடது மணிக்கட்டு எக்ஸ்ரே. குழந்தைகளோட எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டுன்னு குருத்தெலும்புப் பட்டை இருக்கும், வளர்ந்து முடிஞ்சதும் அது மூடி ஒட்டிக்கும். எவ்வளவு மூடியிருக்குன்னு பார்த்து எலும்பு வயசு சொல்றோம். நாங்க காலங்காலமாப் பார்க்கிற கிரூலிச், பைல் படத்தொகுப்பு 1950-ல வந்தது. அதுல இருக்கிறது அமெரிக்காவுல கிளீவ்லாந்து ஊர்ல வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைங்களோட கைகள். அதை வச்சு வெம்பக்கோட்டைப் பையனுக்கு வயசு சொல்றோம்! நம்ம நாட்டுக் கிரிக்கெட் வாரியம் பயன்படுத்துற டேனர், வைட்ஹவுஸ் முறை இன்னும் நுணுக்கமானது. ஆனாலும் அது தர்றது ஒரு மதிப்பீடுதான்.

சரியாச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைக்கு எலும்பு தாமதமா முதிரும். அவனுக்கு எலும்பு வயசு குறைவாத்தான் காட்டும், அவன் வயசை மறைச்சாலும் தப்பிச்சிடுவான். நல்லாச் சாப்பிட்டுச் சீக்கிரம் பூப்பெய்தின பெண்ணுக்கு எலும்பு வயசு கூடத் தெரியும், உண்மையைச் சொன்னாலும் மாட்டுவா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் அப்படி இப்படி இருக்கிறது உடம்போட இயல்பு.

ஃபிஃபா இதைப் புரிஞ்சுக்கிட்டு வேற கேள்வி கேட்டுச்சு. "வயசு என்ன?"ன்னு கேட்கலை. "17 தாண்டிட்டானா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எம்.ஆர்.ஐ.-யில மணிக்கட்டு எலும்புத் தட்டு முழுசா மூடியிருந்தா பெரும்பாலும் தாண்டியிருப்பான். கதிர்வீச்சும் இல்ல. 2009-ல நைஜீரியாவுல நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு முன்னாடி இந்தச் சோதனையால போட்டியை நடத்துற நைஜீரியாவே 15 பேரை அணியிலேர்ந்து நீக்க வேண்டி வந்துச்சு. நம்ம விளையாட்டு அமைச்சகமும் 2010-ல வயசு மோசடிக்கு எதிரா ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு.

இப்போ ஊசிக்குத் திரும்பி வர்றேன், ரெண்டும் ஒரு இடத்துல சேருது. மெட்டாண்டியனோன் மாதிரியான அனபாலிக் ஸ்டீராய்டை ஜிம்ல யாரோ "பவுடர், மாத்திரை"ன்னு 15, 16 வயசுப் பையனுக்குக் கொடுக்கிறாங்க. அது உடம்புக்குள்ள ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன் வகையா மாறும். அந்த ஈஸ்ட்ரோஜன்தான் வளர்ச்சித் தட்டை மூடுற ஹார்மோன். பையன் தசை ஏறி ஜெயிப்பான், உயரம் மட்டும் நின்னுடும், திரும்ப வராது. விதைப்பை சுருங்குறது, நல்ல கொழுப்பு குறையறது, கல்லீரல் கெடறது எல்லாம் கூடவே வரும். வயசைக் குறைச்சுக் காட்டணும்னு ஒரு பக்கம் ஆவணம் திருத்துற கோச், அதே பையனோட எலும்பை இன்னொரு பக்கம் கிழடாக்குறார். எக்ஸ்ரேயில அது பச்சையாத் தெரியும்.

2011-ல இந்தியப் பெண்கள் தொடர் ஓட்டக் குழுவுல பலர் இதே வகை மருந்துலதான் மாட்டினாங்க. ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினவங்க அவங்க. பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரையில கலந்திருந்துச்சுன்னு சொன்னாங்க. பயிற்சியாளர் ஊருக்குப் போனார். தடையும் அவப்பெயரும் பொண்ணுங்களுக்கு.

பெற்றோர்களுக்கு ரெண்டே விஷயம். பிள்ளை பிறந்து 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிஞ்சு சான்றிதழ் வாங்கிடுங்க. 13 வயசுல கோச் சொல்லித் தாமதமாப் பதிஞ்சு வாங்குற சான்றிதழைத் தேர்வாளர்கள் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. லேபிள் இல்லாத டப்பாவுல கோச் எது கொடுத்தாலும், பிள்ளை வாயில போடுறதுக்கு முன்னாடி அந்த டப்பாவை உங்க டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.

எங்ககிட்ட "டாக்டர், பதினாலுன்னு எழுதிக் கொடுங்க"ன்னு வராதீங்க. எக்ஸ்ரே பார்த்து "14-க்கும் 16-க்கும் இடையில்"னுதான் எழுத முடியும்.